பி.ஜி.டபிள்யூ.பி. முடியுது, பீ.ஆர். இன்னும் வரல: இடையில வேலை செய்யலாமா?

கொட்டகலை_பயணி
தம்பி கனடாவுல, பிரம்டன்ல. ரெண்டு வருஷ கொலேஜ் படிப்பு முடிச்சு, 3 வருஷ பி.ஜி.டபிள்யூ.பி.யில (படிப்பு முடிச்சவங்களுக்குக் கொடுக்கிற வேர்க் பெர்மிட்) வேலை செய்றான். அந்த பெர்மிட் வர்ற மார்ச் 14ல முடியுது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில (புள்ளி பார்த்து ஆள் எடுக்கிற குடிவரவு முறை) சீ.ஈ.சீ. (கனடாவுல வேலை அனுபவம் உள்ளவங்களுக்கான பிரிவு) அழைப்பு வந்து பீ.ஆர். (நிரந்தர வதிவிடம்) விண்ணப்பம் போட்டாச்சு, விண்ணப்பம் கிடைச்சதுன்னு வர்ற ஏ.ஓ.ஆர். கடிதமும் கையில இருக்கு. ஹட்டன் பக்கம் ஒரு ஏஜென்ட் சொல்றார்: "பீ.ஆர். போட்டாச்சுன்னா பெர்மிட் முடிஞ்சாலும் வேலை செய்யலாம், வேற ஒண்ணும் போடத் தேவையில்ல." தம்பியோட கூட்டாளிங்க அப்படி இல்லைங்கிறாங்க. எது சரி?

இன்னும் ரெண்டு விஷயம். பாஸ்போர்ட் ஆகஸ்ட்ல முடியுது. வீட்டுல தையில கல்யாணம் வைக்கிற பேச்சு நடக்குது. இங்கிருந்து என்ன கடதாசி எடுத்து அனுப்பணும்னும் சொல்லுங்க.

மவுசாக்கலை
ஏஜென்ட் சொல்றது தப்பு. பீ.ஆர். விண்ணப்பம் வேலை செய்ற உரிமையைத் தராது. நாட்டுல இருக்கிற உரிமையையும் தராது. அது வேற கோப்பு, வேர்க் பெர்மிட் வேற கோப்பு.

அவர் அரைகுறையா கேட்ட விதி இதுவா இருக்கணும்: கனடா குடிவரவு ஒழுங்குவிதி 186(யூ). பெர்மிட் முடியிறதுக்கு முந்தி புது வேர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பம் போட்டு, நாட்டை விட்டு வெளியேறாம, பழைய பெர்மிட்டோட நிபந்தனைப்படியே இருந்தா, முடிவு வரும் வரைக்கும் வேலை செய்யலாம். இதைத்தான் 'மெயின்டெயின்ட் ஸ்டேடஸ்'னு சொல்றாங்க. பழைய பெர்மிட் திறந்த பெர்மிட்னா முடிவு வர்ற வரைக்கும் எந்த முதலாளிகிட்டயும் வேலை செய்யலாம். ஆனா அதைத் தொடக்கி வைக்கிறது வேர்க் பெர்மிட் விண்ணப்பம்தான். பீ.ஆர். விண்ணப்பம் அந்தக் கணக்குல வராது.

தம்பிக்கு ஏ.ஓ.ஆர். இருக்கிறதால வழி சுலபம்: பிரிட்ஜிங் ஓபன் வேர்க் பெர்மிட், அதாவது பீ.ஆர். முடிவு வர்ற வரைக்கும் இடையில வேலை செய்யக் கொடுக்கிற திறந்த பெர்மிட். முதன்மை விண்ணப்பதாரரா இருக்கணும், கனடாவுக்குள்ள இருக்கணும், செல்லுபடியான பெர்மிட் இருக்கணும். மூணும் அவர்கிட்ட இருக்கு. மார்ச் வரைக்கும் காத்திருக்காம ஜனவரிக்குள்ள போடச் சொல்லுங்க.

பி.ஜி.டபிள்யூ.பி.யை நீட்டலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது வாழ்க்கையில ஒரு தடவைதான். 2023 வரைக்கும் முடிஞ்ச சிலருக்கு 18 மாசம் விசேஷமா கொடுத்தாங்க, அந்த வாசல் மூடியாச்சு. பாஸ்போர்ட் தேதியால குறைச்சுக் கொடுத்திருந்தா மட்டும் மிச்சக் காலத்தைக் கேட்டு வாங்கலாம். தம்பிக்கு முழு 3 வருஷமும் கிடைச்சிட்டதால அதுவும் பொருந்தாது.

நானுஓயா_சந்தி
ஜனவரின்னு ஏன் அவசரம்? மார்ச் 13 ராத்திரி போட்டாலும் "முந்தி"தானே?

மவுசாக்கலை
சட்டப்படி முந்திதான். ஆனா எத்தனையோ பேர் விழுந்த பள்ளம் அங்கதான் இருக்கு.

விண்ணப்பத்துல ஏதாவது குறை இருந்தா ஐ.ஆர்.சி.சி. (கனடா குடிவரவுத் திணைக்களம்) அதை 'நிராகரிக்கிறது' இல்ல, 'திருப்பி அனுப்புது'. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நிராகரிச்சா அந்தத் தேதி வரைக்கும் நீங்க செய்த வேலை சட்டப்படியானது. திருப்பி அனுப்பினா அந்த விண்ணப்பம் போடவே படலைன்னு கணக்கு. அதாவது மார்ச் 13ல போட்டு, 7 வாரம் வேலை செய்துட்டு இருக்கும்போது "கட்டணம் குறைவு"ன்னு திரும்பி வந்தா, அந்த 7 வாரமும் அனுமதியில்லாத வேலை. பிரட்டுல (தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிறது) பேர் போடாம மலைக்குப் போய் கொழுந்தெடுத்த மாதிரி, செய்த வேலை செய்ததுதான், செக்ரோல்ல (சம்பளப் பதிவேடு) ஏறாது. இங்க அது ஏறாததோட நிக்காம பீ.ஆர். கோப்பையும் இடிக்கும்.

ஜனவரியில போட்டு பெப்ரவரியில திரும்பி வந்தா, குறையைத் திருத்தி மறுபடி போட இன்னும் நாள் இருக்கும். அவசரம் அதுக்குத்தான்.

அதோட ஒன்லைன் நேரக் கணக்கு யூ.டி.சி. நேரம் (உலகப் பொது நேரம்). கடைசி நாள்னு சொல்றது டொரன்டோவுல கோடை நேரத்துல இரவு 8 மணிக்கும், குளிர் நேரத்துல 7 மணிக்கும் முடிஞ்சிடும். இரவு 11 மணிக்கு உட்கார்ந்து போட்டா பிந்தினதாவே போகலாம்.

பண்டாரவளை_அக்கா
விண்ணப்பத்துல எங்க தவறும்னு நான் சொல்றேன். படிவம் ஐ.எம்.எம். 5710, ஐ.ஆர்.சி.சி. கணக்குக்குள்ள போய் போடணும்.

பெர்மிட் வகை கேட்கிற இடத்துல 'ஓபன் வேர்க் பெர்மிட்' தெரிவு செய்யணும். முதலாளி பேர், எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளி வாங்குற அனுமதி) இலக்கம் எல்லாம் வெறுமையா விடுங்க. இப்ப வேலை செய்ற கடைப் பேரை அங்க போட்டா, மூடின பெர்மிட் (ஒரே முதலாளிகிட்ட மட்டும் வேலை செய்றது) கேட்கிறீங்கன்னு நினைச்சு வேற கடதாசி கேட்பாங்க.

கட்டணம் 255 டொலர். இது ரெண்டு தொகை: விண்ணப்பத்துக்கு 155, திறந்த பெர்மிட் வச்சிருக்கிறவருக்கான தனிக் கட்டணம் 100. பலபேர் 155ஐ மட்டும் கட்டிட்டு அனுப்பிடறாங்க. மவுசாக்கலை அண்ணன் சொன்ன "திருப்பி அனுப்புறது" அதிகமா நடக்கிறது இந்த 100 டொலராலதான். கட்டின ரசீதுல ரெண்டு வரியும் தனித்தனியா இருக்குதான்னு பார்த்துட்டு ஏத்துங்க.

ஏ.ஓ.ஆர். கடிதத்தை முழுசா ஏத்துங்க, கைத்தொலைபேசியில எடுத்த ஸ்கிரீன்ஷொட் வேணாம். அதுக்குன்னு தனி இடம் காட்டலைன்னா விளக்கக் கடிதம் போடுற பகுதியில, ஒரு பக்க விளக்கத்தோட சேர்த்து ஒரே பீ.டீ.எஃப். ஆக்குங்க. அந்தப் பக்கத்துல நாலு வரி போதும்: பீ.ஆர். விண்ணப்ப இலக்கம், எந்தத் திட்டம், இப்ப உள்ள பெர்மிட் முடியிற தேதி, கேட்கிறது பிரிட்ஜிங் பெர்மிட்.

பாஸ்போர்ட்ல வெறும் பக்கங்கள் வேணாம். விவரப் பக்கமும் முத்திரை குத்தின பக்கங்களும் போதும்.

பாஸ்போர்ட் ஆகஸ்ட்ல முடியுதுன்னு சொன்னீங்க. பெர்மிட்டை பாஸ்போர்ட் தேதியைத் தாண்டிக் கொடுக்க மாட்டாங்க. இப்படியே போட்டா ஆகஸ்ட் வரைக்கும்தான் கிடைக்கும், மறுபடி 255 டொலர். புது பாஸ்போர்ட்டுக்கு இப்பவே டொரன்டோ துணைத் தூதரகத்துலயோ ஒட்டாவா உயர்ஸ்தானிகராலயத்துலயோ கொடுக்கச் சொல்லுங்க. அங்க கொடுத்தாலும் கொழும்புக்கு வந்துதான் அச்சாகி திரும்பணும், மாசக் கணக்குல ஆகும். பெர்மிட் தேதி நெருங்கியும் புதுசு வரலைன்னா, அதுக்காகக் காத்திருக்கக் கூடாது. பழைய பாஸ்போர்ட்டோடயே போட்டுடணும். ஆகஸ்ட் வரைக்கும் கிடைச்சாலும் பரவாயில்ல, தொடர்ச்சி அறுந்தா திரும்பப் பிடிக்கிறது கஷ்டம்.

கொட்டகலை_பயணி
ரொம்ப நன்றி அக்கா. அறுந்தே போச்சுன்னா என்ன ஆகும்?

பண்டாரவளை_அக்கா
90 நாளுக்குள்ள 'ரெஸ்டொரேஷன்' (இழந்த ஸ்டேடஸைத் திரும்பக் கேட்கிறது) கேட்கலாம், அதுக்குத் தனிக் கட்டணம். ரெஸ்டொரேஷனோட பிரிட்ஜிங்கும் கேட்கலாம். ஆனா பெர்மிட் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்யக் கூடாது. வாடகையையும் வீட்டுக்கு அனுப்புற காசையும் நினைச்சு, கையில காசு தர்ற கடைக்குப் பின்வாசலால போறவங்க உண்டு. அதுக்குத் தண்டனை தனியா இருக்கு: அனுமதியில்லாம வேலை செய்தா அந்த வேலையை நிறுத்தின நாள்ல இருந்து 6 மாசத்துக்குப் புது வேர்க் பெர்மிட் மறுக்கலாம்.

எல்லைக்குப் போய் ஒரு சுற்று சுத்தி வந்து பெர்மிட் அடிச்சிக்கிற பழைய வழியும் இல்ல. 2024 டிசம்பர் 23ல இருந்து எல்லையில வேர்க் பெர்மிட்டை அப்படி எடுக்க முடியாது.

நானுஓயா_சந்தி
என் மச்சான் மெயின்டெயின்ட் ஸ்டேடஸ்ல இருந்தப்ப ஊருக்கு வந்துட்டுப் போனார், ஒண்ணும் ஆகல. எல்லாரும் இப்படிப் பயமுறுத்துறீங்க.

மவுசாக்கலை
திரும்ப உள்ள போறது ஒண்ணு, போய் வேலை செய்றது வேறொண்ணு. 186(யூ)ல "கனடாவில் தொடர்ந்து இருந்திருந்தால்"னு எழுதியிருக்கு. பெர்மிட் முடிஞ்ச பிறகு வெளியே போனா அந்த நிபந்தனை அடிபடுது. உங்க மச்சான் விசா பலத்துல உள்ள போயிருக்கலாம். வேலை செய்ற உரிமையோட போனாரான்னு யாரும் அன்னைக்குக் கேட்டிருக்க மாட்டாங்க, பீ.ஆர். கோப்பைத் திறக்கும்போது கேட்கலாம்.

இலங்கை பாஸ்போர்ட்டுக்கு உள்ள போகவே விசா வேணும். அந்த விசா பெரும்பாலும் பெர்மிட்டோட சேர்ந்து முடிஞ்சிடும். பீ.ஆர். விண்ணப்பம் நிலுவையில இருக்குங்கிறது கட்டுநாயக்காவுல விமானத்துல ஏற உதவாது.

அதனால தம்பி வரணும்னா மார்ச் 14க்கு முந்தி, விசாவும் பெர்மிட்டும் ரெண்டும் உயிரோட இருக்கும்போது வந்துட்டுப் போகணும். அப்புறம்னா பிரிட்ஜிங் பெர்மிட் கையில வந்து, புது விசாவும் எடுத்த பிறகு. இன்னொண்ணு, பீ.ஆர். உறுதியாகிற கடைசிப் படியில "நான் இப்ப கனடாவுக்குள்ள இருக்கேன்"னு போர்டல்ல உறுதி சொல்லணும். அந்த நேரம் ஊர்ல இருந்துட்டு பொய் சொல்ல வேணாம்.

லிந்துலை_பெட்டிசம்
கல்யாணத்தைப் பத்தி யாரும் தொடல. இதை நல்லா வாசிங்க பயணி.

பீ.ஆர். நிலுவையில இருக்கும்போது பதிவுத் திருமணம் முடிஞ்சா, அதை உடனே ஐ.ஆர்.சி.சி.க்கு அறிவிக்கணும். கூட்டிட்டுப் போற எண்ணம் இருந்தாலும் இல்லாட்டியும் மனைவியைச் சேர்க்கணும், மருத்துவப் பரிசோதனையும் செய்யணும். "இப்ப சொன்னா கோப்பு தாமதமாகும், பீ.ஆர். எடுத்துட்டு பிறகு ஸ்பொன்சர் பண்ணிக்கலாம்"னு மறைச்சா, ஒழுங்குவிதி 117(9)(டி) வந்து விழும். பீ.ஆர். எடுக்கும்போது அறிவிக்காத, பரிசோதிக்கப்படாத துணையைப் பிறகு குடும்ப வகுப்புல ஸ்பொன்சர் செய்ய முடியாது. அவன் பிறகு குடியுரிமை எடுத்தாலும் அந்தத் தடை அப்படியே இருக்கும்.

சீ.ஆர்.எஸ். புள்ளி (எக்ஸ்பிரஸ் என்ட்ரியில தரவரிசைக்குப் போடுற புள்ளி) குறையுமேன்னு பயப்படுறாங்க. அழைப்பு வந்த நாள்லயும், விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள்லயும் புள்ளி சரியா இருக்கணும், அவ்வளவுதான். தம்பி விண்ணப்பம் போட்டாச்சு. இனி கல்யாணம் பண்ணினா புள்ளி இடிக்காது. கோப்பு சில மாசம் இழுபடும், அதுக்காகவும் பிரிட்ஜிங் வேணும்.

கோயில்ல தாலி மட்டும் கட்டி, பதிவை ஒரு வருஷம் தள்ளிப் போடுறது நம்ம பக்கம் வழக்கம். அப்படி இருந்து ஒண்ணா வாழ்ந்துட்டு, படிவத்துல 'தனி ஆள்'னு போட்டா, பிறகு கல்யாணப் படம் முகநூல்ல வந்து நிக்கும். எந்தத் தேதியை எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னா அங்க உரிமம் உள்ள ஆலோசகரையோ சட்டத்தரணியையோ கேளுங்க. இங்க உள்ள ஏஜென்ட்டைக் கேட்காதீங்க.

தையிலதான் வைக்கணுமான்னும் வீட்டுல ஒருக்கா யோசிங்க. ஆவணியிலயும் முகூர்த்தம் இருக்கு.

கொட்டகலை_பயணி
இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சரி, கடதாசி விஷயம்?

லிந்துலை_பெட்டிசம்
முதல்ல பொலிஸ் நற்சான்றிதழ். படிக்கப் போகும்போது எடுத்தது இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க, அது செல்லாது. ஒரு நாட்டுல கடைசியா வாழ்ந்த காலத்துக்குப் பிறகு எடுத்ததா இருக்கணும். அவர் இங்க இருந்தப்பவே எடுத்தது அதுக்கு முந்தினது. போன பிறகு எடுத்த ஒண்ணு இருந்து, அதுக்கப்புறம் 6 மாசம் தொடர்ந்து இங்க வந்து வாழாம இருந்தா, அது பழசானாலும் பிரச்சினையில்ல. தம்பி பீ.ஆர். விண்ணப்பத்தோட எதை ஏத்தினார்னு முதல்ல பாருங்க. பழசை ஏத்தியிருந்தா புதுசை இப்பவே எடுத்து வைங்க, கேட்டவுடனே கொடுக்கலாம்.

இலங்கைப் பொலிஸ் இணையத்தளத்துல அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். சிக்கிற இடம் முகவரி. இருந்த முகவரி எல்லாத்தையும் கால வாரியா கேட்பாங்க, அந்தந்தப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரிக்கப் போகும். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) இலக்கம் இல்லாம வெறும் தோட்டத்துப் பேரை மட்டும் போட்டா, ஒரு தோட்டத்துல மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், பழைய டிவிஷன்னு மூணு இருக்கும், யாரைத் தேடுவாங்க? இப்படி எழுதுங்க: டிவிஷன் பேர், தோட்டம், தபால் ஊர், கிராம சேவகர் பிரிவு இலக்கம், பொலிஸ் பிரிவு. அடையாள அட்டையில உள்ள முகவரி வேறன்னா அதையும் அந்தக் காலத்தோட சேர்த்துப் போடுங்க. ஜி.எஸ்.கிட்ட (கிராம சேவகர்) ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வைங்க, வாக்காளர் இடாப்புல பேர் இருக்குதான்னும் பாருங்க. விசாரிக்க வர்றப்போ "அப்படி ஒருத்தர் இங்க இல்ல"ன்னு யாராவது சொல்லிட்டா அதோட நிக்கும்.

பிறப்புச் சான்றிதழுக்கு ஏஜென்ட்மார் பெரிய பில் போடுவாங்க. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில தனி ஆளுக்கு அதைப் பட்டியல்ல கேட்கிறதில்ல, பிள்ளைகள் இருந்தா அவங்களோடது வேணும். வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சு முத்திரையும் இந்த விண்ணப்பத்துக்குத் தேவையில்ல. மனைவியைச் சேர்த்தா விவாகப் பதிவுச் சான்றிதழ் வேணும், அது தமிழ்லயோ சிங்களத்துலயோ இருந்தா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட ஆங்கிலத்துக்கு மாத்தணும். ஆங்கிலம் நல்லாத் தெரிஞ்ச மாமா இருந்தாலும் சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது.

மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போர்ட் பிரதியையும் சேர்த்துக் கொடுங்க. தோட்டத்துக் கிளாக்கர் எழுதின 'இராமையா', அடையாள அட்டையில 'ராமையா', பாஸ்போர்ட்ல வேற எழுத்து. மொழிபெயர்ப்பாளர் தன் இஷ்டத்துக்கு நாலாவது எழுத்து ஒண்ணு போட்டுடுவார். வேற வேறயாத்தான் இருக்குன்னா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு சத்தியக்கடதாசி ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னால முடிச்சு சேர்த்து வைங்க. பெர்மிட், சின் இலக்கம் (கனடாவுல வேலைக்கும் வரிக்கும் வேண்டிய ஆள் இலக்கம்), பீ.ஆர். மூணுலயும் பாஸ்போர்ட்ல உள்ள எழுத்துதான் ஓடணும்.

பதுளை_வடக்கு
இடையில வர்றேன், மன்னிக்கணும். என் தங்கச்சிக்கு பி.ஜி.டபிள்யூ.பி. 5 மாசத்துல முடியுது, ஆனா அழைப்பே வரல. சீ.ஆர்.எஸ். 480 சொச்சம். எல்.எம்.ஐ.ஏ. ஒண்ணு எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் பெரிய தொகை கேட்கிறார்.

மவுசாக்கலை
வேணாம். எல்.எம்.ஐ.ஏ.க்கான 1,000 டொலர் கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது, அதை வேலையாள்கிட்ட வாங்கக் கூடாது. விலைக்கு வாங்கினது பிடிபட்டா தவறான தகவல் கொடுத்ததா எடுத்து 5 வருஷம் தடை. இன்னொரு பக்கம், வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த சீ.ஆர்.எஸ். புள்ளியை 2025 மார்ச் 25ல எடுத்துட்டாங்க. காசு கொடுத்தாலும் புள்ளி ஏறாது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில அழைப்பு இல்லாம பிரிட்ஜிங் கிடையாது. உண்மையா வேலை கொடுக்கிற முதலாளி தானே முன்வந்து எல்.எம்.ஐ.ஏ. எடுத்தா, அதுல மூடின பெர்மிட் எடுக்கலாம். மாகாண நியமனம் (பீ.ஆர்.க்கு ஒரு மாகாணமே ஆளைத் தெரிவு செய்றது) கிடைச்சா, ஏ.ஓ.ஆர். வர முந்தியே மாகாணம் தர்ற ஆதரவுக் கடிதத்தோட டி13ங்கிற குறியீட்டு வகையில முதலாளி பேர் போட்ட பெர்மிட் எடுக்கலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வெளியே உள்ள நியமனத்துல ஏ.ஓ.ஆர். மாசக் கணக்குல பிந்தும், அதனால இந்தக் கடிதம்தான் அங்க உயிர். ஆனா முதலாளியோட கட்டின நியமனம்னா அந்தக் கடையை விட்டா நியமனமும் போச்சு.

சீ.ஈ.சீ. வெட்டுப்புள்ளி 2025லயும் 500க்கு மேலயே ஓடுச்சு. அதே வருஷம் மார்ச்ல பிரெஞ்சு மொழிப் பிரிவு 379க்கு இறங்கிச்சு. 5 மாசத்துல பிரெஞ்சு வராது, ஆனா ரெண்டு வருஷக் கணக்குல யோசிக்கிற ஆளுக்கு அதைவிட நல்ல வழி நான் காணல.

ஒண்ணும் சரிவரலைன்னா பெர்மிட் முடிய முந்தி விசிட்டர் ரெக்கோர்ட் (பார்வையாளரா தங்குற அனுமதி) போடணும். இருக்கலாம், வேலை செய்ய முடியாது.

பண்டாரவளை_அக்கா
தங்கச்சியோட அனுபவக் கணக்கையும் பாருங்க. சீ.ஈ.சீ.க்கு 1,560 மணித்தியாலம், டீயர் (வேலைகளைத் தரம் பிரிக்கிற மட்டம்) 0 முதல் 3 வரைக்கும் உள்ள வேலை. வாரத்துக்கு 30 மணிக்கு மேல செய்தாலும் 30தான் எண்ணுவாங்க. முழுநேரமா படிச்சுக்கிட்டிருந்த காலத்து வேலை சேராது. ஊபர் ஓட்டினது சுயதொழில், சேராது. தமிழ்க் கடையில கையில காசு வாங்கினதுக்கு டி4 (முதலாளி தர்ற வருஷச் சம்பள வரிச் சீட்டு) வராது, டி4 இல்லாததை நிரூபிக்கிறது பெரிய பாடு.

கொட்டகலை_பயணி
கடைசியா ஒண்ணு. பிரிட்ஜிங் போட்ட பிறகு மார்ச் 15 அன்னைக்கு மனேஜர் "பெர்மிட் காட்டு"ன்னு கேட்டா எதைக் காட்டுறது?

பண்டாரவளை_அக்கா
ஒன்லைன்ல போட்டா கணக்குக்குள்ள ஒரு கடிதம் வரும், டபிள்யூ.பி.-எக்ஸ்ட்.னு தலைப்பு இருக்கும். அதையும் 255 டொலர் ரசீதையும் பழைய பெர்மிட்டையும் சேர்த்து மார்ச் 14க்கு முந்தியே எச்.ஆருக்கு மின்னஞ்சல் போடச் சொல்லுங்க. அன்னைக்குக் காலையில போய் நின்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கடிதத்துல ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி போயும் முடிவு வரலைன்னா வேலை உரிமை போயிடாது, அது விதியில இருந்து வர்றது.

சின் இலக்கம் 9ல தொடங்கும், அதுவும் பெர்மிட் தேதியோட முடியும். புது பெர்மிட் வந்தவுடனே சர்விஸ் கனடாவுல தேதியை மாத்தணும். பீ.ஆர். ஆனா 9 இல்லாத புது இலக்கம் கொடுப்பாங்க.

பிரிட்ஜிங் மறுக்கப்பட்டா அந்த நாளோட வேலையை நிறுத்தணும். அதனால கணக்கை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்க. மின்னஞ்சல் சில நேரம் ஸ்பாம்ல போய்க் கிடக்கும்.

கொட்டகலை_பயணி
இன்னைக்கு இரவே தம்பிக்கு அனுப்புறேன். பொலிஸ் சான்றிதழ் தேதியைப் பார்த்துட்டு இதே இழையில எழுதுறேன்.